செவலைப் பசு கன்று போட்டதா?

(யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் எமது தோட்டத்துப் பிள்ளைகளையும், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரையும் கூட்டி நல்லூரில் நடத்திய குடும்ப ஒன்றுகூடலில் நலன்புரிப் பகுதியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இரவு முழுவதும் பஸ்ஸில் குந்தி வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது. காலையில் முருகனைப் பார்த்தாச்சு, பிள்ளைகளையும் பார்த்தாச்சு. இனி மத்தியானச் சாப்பாடு வரும்வரை எங்கள் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும், தப்ப வழியில்லை. நீட்டி முழக்க மாட்டோம். போனில் நாம் பேசுவதையும் அனுப்புவதையும் நடுவில் யார் பார்க்கிறார்கள், அதை எப்படிப் பூட்டி வைப்பது என்பதுதான் இன்றைய விஷயம். அந்தப் பூட்டுக்கு என்கிரிப்சன் என்று பெயர். தமிழில் மறைகுறியாக்கம் என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கிறார். அதுவும் இதே யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு.

எங்கள் சின்னம்மாவைத்தான் சொல்கிறோம். 1970களின் கடைசியில், பன்னிரண்டு வயதில், இங்கே ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் இப்படி யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வீட்டு வேலைக்குப் போனது இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத மாதிரி இருக்க வேண்டாம். எந்த வீடு, எந்த ஊர் என்பது இப்போது வேண்டாம். மாதம் ஒரு கடிதம் வரும். சின்னம்மாவுக்கு எழுதத் தெரியாது, வீட்டுக்கார அம்மாதான் எழுதுவார். தோட்டத்தில் தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது, கணக்கப்பிள்ளைதான் வாசித்துச் சொல்வார். மகளுக்கும் தகப்பனுக்கும் நடுவில் இரண்டு பேர். கடிதத்தில் என்ன இருக்கும்? "நான் சுகம். நல்லாச் சாப்பிடுகிறேன். தீபாவளிக்குத் துணி எடுத்துத் தந்தார்கள்." வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் மகளை அனுப்பும்போதே எங்கள் பாட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். "அடியே, அங்க இருக்க முடியலேன்னா, செவலப் பசு கன்னு போட்டுருச்சான்னு கேட்டு எழுதச் சொல்லு." வீட்டில் பசுவே கிடையாது. மூன்று கடிதம் சுகம் சுகம் என்று வந்தது. நாலாவது கடிதத்தின் கடைசியில், "செவலைப் பசு கன்று போட்டதா?" என்று ஒரு வரி. கணக்கப்பிள்ளை வாசித்துவிட்டு, "அட, மாடு எப்ப வாங்குனீங்க?" என்று சிரித்தாராம். பாட்டி சிரிக்கவில்லை. தாத்தா அன்றைக்கே பக்கத்து லயத்தில் கடன் வாங்கி, பொல்காவலையில் இறங்கி, யாழ்தேவி ஏறி வந்து மகளைக் கூட்டிப் போனார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சின்னம்மா இன்று வரை முழுதாகச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அந்தக் கடிதத்தை எழுதியவருக்கும் எழுத்துத் தெரியும், வாசித்தவருக்கும் எழுத்துத் தெரியும். பொருள் தெரிந்தது எழுத்துத் தெரியாத தாய்க்கும் மகளுக்கும் மட்டுந்தான். என்கிரிப்சன் என்பது இவ்வளவுதான். நடுவில் யார் கையில் போனாலும், இரண்டு முனையில் இருப்பவர்களுக்கு மட்டும் விளங்க வேண்டும்.

எல்லா ரகசியப் பேச்சும் இப்படிப் பலமானதல்ல. சின்ன வயதில் லயத்து வாசலில் 'க' பாஷை பேசியிருப்பீர்கள். "கநீ கவா" என்றால் "நீ வா". நமக்குப் பெரிய ரகசியமாகத் தெரியும். ஆனால் அம்மாமார் எல்லோரும் அதே பாஷையைப் பேசி வளர்ந்தவர்கள். பூட்டு இருக்கும், சாவி ஊர் முழுக்க இருக்கும்.

கடிதம் என்றால் நம்முடைய சங்கதியையும் சொல்லத்தான் வேண்டும். லயத்துக் காம்பிராவுக்குத் தனி முகவரி இல்லாதபடியால், தோட்டத்துக்கு வரும் தபால் ஒபிசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேர்வதுதான் நெடுங்கால வழக்கம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், நேர்முகப் பரீட்சைக்கு வந்த கடிதம் பிள்ளையின் கைக்குச் சேர்ந்தது பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள். உறையும் கிழிந்திருந்தது. யார் கிழித்தது என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை இன்றைக்கும் தற்காலிகத் தொழிலாளிதான். அடுத்தவர் கடிதத்தைப் பார்ப்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இந்த ஒன்றுகூடலுக்கு ஏற்பாடு செய்ய நாங்கள் மூன்று நாள் முன்னதாகவே வந்து, இங்கே ஒரு வீட்டில் தங்கினோம். அந்த வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பின் இந்தக் குடாநாட்டில் கரண்ட் இல்லை, டெலிபோன் இல்லை. பாதையும் மூடிக் கிடந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். போகிற வழியும் சும்மா இல்லை, இரவில் கிளாலிக் கடலில் வள்ளம் ஏறிப் போனவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். கடிதம் வந்து சேர்வதும் எப்போதாவதுதான். பிரிந்துபோன குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதத்தாள் ஒன்று இருந்தது. அதை அந்த அம்மா இன்னும் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். எங்களுக்கு எடுத்துக் காட்டினார்.

"பிள்ளையள், உது திறந்த கடிதம். உறை இல்லை. குடும்பச் சங்கதி மட்டுந்தான் எழுதலாம். நடுவிலை எத்தினை பேர் வாசிப்பினம் எண்டு ஆருக்குத் தெரியும்? அதாலை 'எல்லாரும் சுகம், மாமாவுக்கு இப்ப நடக்க ஏலும்' எண்டதோடை விட்டிடுவம்" என்றார்.

அந்தப் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. சுவிஸில் இருக்கும் பேரன் வட்ஸ்அப்பில் கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். பேரன் சிரித்துக்கொண்டு, "அம்மம்மா, இது பூட்டின கோல், பயமில்லாமல் கதையுங்கோ" என்றானாம். அதற்கு அவர் கேட்ட கேள்வி எங்களைத் தூங்க விடவில்லை. "நீ பூட்டினது உனக்குத் தெரியும். எனக்கு என்னெண்டு தெரியும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாட்டியும் சின்னம்மாவும் பஸ் ஏறும் முன்பே ரகசியத்தைப் பேசி வைத்தார்கள். முன்னே பின்னே சந்திக்காத இருவர் எப்படி ரகசியம் பேசி வைப்பது? இதற்கு 1976இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வழி சொன்னார்கள். ஆமைப்பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பூட்டச் சாவி வேண்டாம், அமுக்கினால் போதும். திறக்கத்தான் சாவி வேண்டும். அம்மா தோட்டத்தில் இருந்துகொண்டு, திறந்த ஆமைப்பூட்டை மகளுக்கு அனுப்பி வைக்கிறார். சாவியைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்கிறார். மகள் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டு, அந்தப் பூட்டை அமுக்கி அனுப்புகிறாள். வழியில் பஸ்காரர், தபால்காரர், ஒபிஸ் யாராலும் திறக்க முடியாது. பூட்டிய மகளாலேயே திறக்க முடியாது. அம்மாவின் மடிச் சாவிதான் திறக்கும். இரும்புக்குப் பதிலாகப் பெரிய பெரிய எண்களை வைத்து இந்தப் பூட்டைச் செய்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

1991இல் பில் சிம்மர்மன் என்பவர் இந்தப் பூட்டைச் சாதாரண மக்களின் கம்பியூட்டருக்கு என்று செய்து கொடுத்தார். பிஜிபி என்று பெயர். பூட்டு நல்ல பூட்டு. ஆனால் ஆட்களால் பூட்ட முடியவில்லை. 1999இல் அமெரிக்காவில் விட்டன் என்ற பெண்மணியும் டைகர் என்ற பேராசிரியரும் ஒரு சோதனை செய்தார்கள். ஈமெயில் பாவித்துப் பழகிய 12 பேரை உட்கார வைத்து, 90 நிமிடம் கொடுத்து, ஒரு ரகசியக் கடிதத்தைப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் சரியாகச் செய்தார்கள். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள்! ஆகவே, "எனக்கு இதெல்லாம் வெளங்காதுங்க ஐயா" என்று நம்முடைய அக்காமார் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். விளங்காதபடி செய்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

பிறகு பூட்டைப் போனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 2016 ஏப்ரலில் இருந்து வட்ஸ்அப்பில் அனுப்பும் எழுத்து, படம், குரல், கோல் எல்லாம் தானாகவே பூட்டித்தான் போகிறது. நாம் ஒன்றையும் அமுக்க வேண்டியதில்லை. கம்பெனிக்காரருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. சிக்னல் என்று இன்னொரு அப் இருக்கிறது. வட்ஸ்அப் பாவிப்பது அவர்களுடைய பூட்டு முறையைத்தான். விஷயம் தெரிந்த தம்பிமார் சிலர், "வட்ஸ்அப்பை விட்டுவிட்டு எல்லோரும் அதற்கு மாறுங்கள்" என்று எங்களிடம் சொல்வார்கள். மாறினால் நல்லதுதான், அது நம்மைப் பற்றிச் சேர்த்து வைக்கும் விபரம் மிகக் குறைவு. ஆனால் நாங்களும் ஒரு தரம் நோட்டிஸ் அடித்து ஒட்டிப் பார்த்தோம். மூன்று குடும்பம் மாறியது. அந்த மூன்று குடும்பத்தின் சொந்தக்காரர்கள் மாறவில்லை. ஒரு மாதத்தில் எல்லோரும் பழைய இடத்துக்கே வந்தார்கள். அம்மாவின் போனில் இல்லாத பூட்டு எவ்வளவு பலமாக இருந்தும் என்ன பிரயோசனம்?

பூட்டு இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண எஸ்எம்எஸ் தபால் அட்டை மாதிரி, டெலிபோன் கம்பெனியால் பார்க்க முடியும். சாதாரண கோலும் அப்படித்தான். டெலிகிராமில் எழுதி அனுப்பும் செய்திக்கு, 'சீக்ரட் சட்' என்று தனியாகத் திறந்தால் மட்டுந்தான் இரண்டு முனைப் பூட்டு உண்டு. பேஸ்புக் மெசஞ்சரில் அது தானாகவே விழத் தொடங்கியது 2023 டிசம்பரில் இருந்துதான். இன்னொன்று, பூட்டிய கடிதத்துக்கும் உறையில் முகவரி இருக்கும் அல்லவா? யார் யாருக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்பதை வட்ஸ்அப் கம்பெனியால் பார்க்க முடியும். உள்ளே என்ன என்பதுதான் தெரியாது.

இனி எங்கள் பிழை ஒன்றைச் சொல்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க உதவிப்பணம் கொடுத்தபோது, பெயர், அடையாள அட்டை இலக்கம், பேங்க் கணக்கு இலக்கம் எல்லாம் போட்ட பட்டியலைத் தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். இருநூறுக்கு மேல் ஆட்கள் உள்ள குரூப். நல்ல எண்ணத்தோடுதான் போட்டோம், ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று. பட்டியல் பூட்டித்தான் போனது. இருநூறு பேரிடமும் சாவி இருந்தது, அதுதான் கோளாறு. இரண்டு நாளில் அது பக்கத்துத் தோட்டத்துக் குரூப்பிலும் வந்துவிட்டது. அடையாள அட்டை இலக்கம் சும்மா எண் அல்ல. அதைப் பார்த்தே பிறந்த வருஷம், நாள், ஆணா பெண்ணா என்று சொல்லலாம், பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். ஒரு அக்கா ஒபிசுக்கு வந்து, "எங்க ஊட்டு இலக்கத்த ஊருக்கே ஏங்க ஐயா காட்டுனீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. மன்னிப்புத்தான் கேட்டோம். இப்போது தனித்தனியாக அவரவர் போனுக்குத்தான் அனுப்புகிறோம்.

அதைவிடப் பெரிய விஷயம் போன வருஷம் நடந்தது. இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வேலை செய்யும் மகள், தோட்டத்தில் தாய். பெயர் வேண்டாம், அவர்கள் சம்மதித்துத்தான் இதைச் சொல்கிறோம். மகளுக்கு ஒரு கோல் வந்தது. "தங்கச்சி, உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது. போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதைச் சொன்னால் அனுப்பிவிடுவோம்." கடையில் கூட்டம், அவசரம். பிள்ளை சொல்லிவிட்டாள். அந்த ஆறு இலக்கம் பார்சலுக்கு உள்ளது அல்ல. அவளுடைய வட்ஸ்அப்பை வேறு போனில் திறப்பதற்கான இலக்கம். சொன்ன அடுத்த நிமிடம் அவள் போனில் வட்ஸ்அப் மூடிக்கொண்டது. கோளாறு என்று நினைத்து வேலையைப் பார்த்தாள்.

தோட்டத்தில் தாய் வழக்கம்போல இரவில் "சாப்பிட்டியா?" என்று அனுப்பினார். பதில் வந்தது. "சாப்பிட்டேன் அம்மா. அவசரம், 18,000 ரூபா வேண்டும், பேச முடியாது, போனில் சத்தம் வரவில்லை." தாய் தீபாவளிக்கு எடுத்த முற்பணத்தை விடிந்ததும் போன் கடையில் கொடுத்து, சொன்ன நம்பருக்குப் போட்டுவிட்டார். எத்தனை நாள் கொழுந்து என்று நீங்களே கணக்குப் பாருங்கள். "மவதான் கேட்டுச்சுன்னு நெனச்சேன் ஐயா. மவ கேட்டா குடுக்காம இருப்பேனா?" என்று அவர் அழுதது எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. முறைப்பாடு கொடுத்தோம். காசு திரும்பி வரவில்லை.

இதில் பூட்டு உடையவில்லை. தாய் அனுப்பியது கடைசி வரை பூட்டித்தான் போனது. ஆனால் அந்த முனையில் சாவியோடு குந்தியிருந்தது திருடன்.

அந்த யாழ்ப்பாணத்து அம்மாவின் கேள்வியை இப்போது ஞாபகப்படுத்திப் பாருங்கள். பூட்டியிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும், அந்தப் பக்கம் இருப்பது என் பிள்ளைதான் என்று எப்படித் தெரியும்? அதற்கு வட்ஸ்அப்பிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை. மகளுடைய பெயரைத் தொட்டு உள்ளே போனால் 'என்கிரிப்சன்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் ஒரு கட்டமும் 60 இலக்கமும் வரும். அம்மாவின் போனில் மகளுக்கு வரும் 60 இலக்கமும், மகளின் போனில் அம்மாவுக்கு வரும் 60 இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வாசித்துப் பார்க்கக் கஷ்டமென்றால் ஒரு போனால் மற்றப் போனின் கட்டத்தைப் படம் பிடிப்பது மாதிரிக் காட்டினால் போதும், சரியென்றால் பச்சை அடையாளம் விழும். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. இதை நேரில் சந்திக்கும்போது செய்வதுதான் நல்லது. வருஷத்துக்கு ஒரு தரம் நேரில் பார்க்கிற நமக்கு இன்றைய நாளை விட்டால் எப்போது?

அந்தப் பிள்ளையின் வட்ஸ்அப்பைத் திருடன் தன் போனில் திறந்தபோது அந்த 60 இலக்கமும் மாறியது. தாயின் போனில், "பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது" என்று ஒரு சின்ன வரி வந்திருக்கும். வரவில்லை, ஏனென்றால் அதைக் காட்டச் சொல்லி நாம் செட்டிங்ஸில் போட்டு வைக்க வேண்டும். செட்டிங்ஸ், அதற்குள் அக்கவுண்ட், அதற்குள் செக்கியூரிட்டி நோட்டிபிகேசன். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருடைய போனிலும் போட்டுத் தருகிறோம். பிள்ளை புதுப் போன் வாங்கினாலும் அந்த வரி வரும், பதற வேண்டாம். ஆனால் வந்தால், காசு அனுப்பும் முன் சாதாரண கோல் எடுத்துப் பேசுங்கள்.

அதே அக்கவுண்ட் பக்கத்தில் 'டூ ஸ்டெப்' என்று இன்னொன்று இருக்கிறது. அதில் நாமே ஆறு இலக்கம் ஒன்றைப் போட்டு வைத்தால், வேறு யாருக்கும் எஸ்எம்எஸ்ஸில் வந்த இலக்கம் மட்டும் கிடைத்துப் பிரயோசனமில்லை. பிறந்த வருஷத்தை அதில் போட வேண்டாம், எங்கள் பட்டியல்தான் ஊர் முழுக்கப் போய்விட்டதே. ஏற்கனவே திருட்டுப் போயிருந்தால், சிம் நம்மிடம் இருக்கும் வரை மறுபடி பதிந்து எடுக்கலாம். திருடன் அந்த ஆறு இலக்கத்தைத் தானே போட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும். அந்த ஏழு நாளும் சொந்தக்காரர் எல்லோருக்கும் கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

போன் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பிமார் நல்லவர்கள்தான், நமக்குத் தெரியாததைச் செய்து தருகிறார்கள். ஆனால் திறந்த போனைக் கொடுத்துவிட்டு எதிர்க் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தில் ஒரு நிமிட வேலைதான், நமக்கு வருவதெல்லாம் இன்னொருவர் கம்பியூட்டரிலும் வரும்படி செய்துவிடலாம். நமக்குத் தெரியாத பெயர் அந்த இடத்தில் இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். பழைய செய்திகளைக் கூகுளில் சேமித்து வைக்கும் பெட்டிக்கும் தனியாகப் பூட்டுப் போட்டால்தான் உண்டு, தானாக விழாது. அந்த வசதி 2021இல் வந்தது. அதற்குப் போடும் சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது. ஆகவே அதைப் பிள்ளைகளோடு இருந்து யோசித்துப் போடுங்கள், இன்றைக்கே அவசரமில்லை.

எங்கள் சின்னம்மாவுக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது. இன்னும் எழுதத் தெரியாது. கொழும்பில் இருக்கும் மகனுக்குத் தினமும் வட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார். மைக் படத்தை அமுக்கிப் பிடித்துப் பேசி விடுவதுதான். அதை எழுத ஒருவர் வேண்டாம், வாசிக்க ஒருவர் வேண்டாம். முதல் தரம் அவர் அப்படிப் பேசியபோது பக்கத்தில் இருந்தோம். அரை மணித்தியாலம் மருமகளைப் பற்றித்தான் பேசினார். பேசி முடித்து, "இத வேற யாரும் கேக்க மாட்டாங்களே?" என்று கேட்டார். வழியில் யாரும் கேட்க மாட்டார்கள் என்றோம். மகன் அதை மருமகளுக்குப் போட்டுக் காட்டினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னோம். அன்றைக்கு எங்களோடு பேசவில்லை.

ஆனால் இதிலும் ஒரு கவனம். பெரியவர்களின் போனைப் பேரப்பிள்ளைகளோ வீட்டுக்காரரோ திறந்து வைத்திருந்தால், அந்தப் பழைய கணக்கப்பிள்ளை மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். மருத்துவமாதுவிடம் ஒரு தங்கச்சி கேட்கும் விஷயத்தை வீட்டில் எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளே, அம்மாவின் போனுக்கு விரல் அடையாளம் போட்டுக் கொடுங்கள். அம்மாவின் விரலை. உங்களுடையதை அல்ல.

பூட்டு இருந்தும் பாதை இல்லாத நாளும் வரும். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் வட்ஸ்அப்பை நிறுத்தி வைத்தது. 2019இல் ஒன்பது நாள். அப்போது சாதாரண கோல் ஓடியது. ஆனால் பிள்ளையின் நம்பர் பலருக்கு மனதிலும் இல்லை, தாளிலும் இல்லை. போனுக்குள் மட்டுந்தான் இருந்தது. நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதற்குப் போனே தேவையில்லை. இன்றைக்குத் தாயும் பிள்ளையும் தனியாகக் குந்தி, உங்கள் குடும்பத்துக்கு என்று ஒரு செவலைப் பசுவைப் பேசி வையுங்கள். வீட்டில் இல்லாத ஒரு மாடோ, வராத ஒரு மாமாவோ, எதுவானாலும் சரி. காசு கேட்டு வந்தால் அதைக் கேளுங்கள், தெரிந்தால் பிள்ளை, தெரியாவிட்டால் திருடன். இப்போது குரலையே போலியாகச் செய்கிறார்கள், குரலை மட்டும் நம்ப முடியாது. வேலை செய்யும் இடத்தில் கஷ்டம் என்றால், கடைக்காரர் பக்கத்தில் நின்றாலும் பிள்ளை அதைச் சொல்லலாம். அதைப் போனில் எழுதி வைக்காதீர்கள், குரூப்பில் போடாதீர்கள், எங்களிடமும் சொல்லாதீர்கள்.

சாப்பாடு வந்துவிட்டது போலிருக்கிறது, சாம்பார் வாசம் வருகிறது. சாப்பிட்டபின் கதவுப் பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். போனோடு ஜோடி ஜோடியாக வாருங்கள், தாயும் மகளும், தகப்பனும் மகனுமாக. ஒரு ஜோடிக்குப் பத்து நிமிடம் போதும். போனில் சார்ஜ் இல்லாதவர்கள் இப்போதே போட்டு வையுங்கள், பிளக் நாலுதான் இருக்கிறது. பஸ் ஐந்து மணிக்கு.